4கே டிவி வாங்கும் முன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் ஓடிக்கொண்டிருக்கும் 32 இஞ்ச் டிவியை மாற்றிவிட்டு, ₹20,000 முதல் ₹35,000 வரையிலான விலையில் ஒரு 4கே டிவி வாங்கலாமா என்று யோசிப்பவர்கள் என்னிடம் கேட்பவை இவை. உறவிலும் தெருவிலும் டிவி வாங்குகிறவர்களோடு கடைக்குப் போவதும், பிறகு வயர் மாட்டிக் கொடுப்பதும் எனக்கு வழக்கமாகிவிட்டது. ஆட்கள் மாறுகிறார்கள், கேள்விகள் மாறுவதே இல்லை. திரையைப் பற்றி ஆயிரம் கேட்பவர்கள், அந்தத் திரைக்குள் எங்கிருந்து படம் வரப்போகிறது என்று கேட்பதில்லை. அதனால் என் பதில்கள் அந்தப் பக்கமே அதிகம் சாயும்.

1. “4கே, 4கே என்கிறார்களே, அது என்ன கணக்கு?”

திரையில் இருக்கும் புள்ளிகளின் கணக்கு. பிக்சல் என்பது அதுதான். 4கே டிவியில் அகலவாக்கில் 3840, உயரவாக்கில் 2160 புள்ளிகள். பெருக்கினால் சுமார் 83 லட்சம். ஃபுல் எச்டி என்பது 1920×1080, அதாவது 21 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. ஆக 4கே அதைப்போல் சரியாக நான்கு மடங்கு. பல வீடுகளில் இருக்கும் 32 இஞ்ச் ‘எச்டி ரெடி’ டிவியில் 1366×768, பத்தரை லட்சம் புள்ளிகள்தான்.

கடையில் ‘அல்ட்ரா எச்டி’, ‘யுஎச்டி’, ‘2160பி’ என்று எதைச் சொன்னாலும் பொருள் இதுவே. விளம்பரத்தில் 108 செ.மீ. என்று இருந்தால் அது 43 இஞ்ச். 126 என்றால் 50. மூலைக்கு மூலை சாய்வாக அளந்த அளவு அது, அகலம் அல்ல.

2. “வாங்கி வைத்தால் நம் தமிழ் சேனல்கள் எல்லாம் 4கேயில் தெரியுமா?”

தெரியாது. நம் தமிழ் சேனல்கள் வருவது இரண்டே வகையில்: சாதாரண எஸ்டி, இல்லையென்றால் எச்டி. ஒரே சேனலுக்கு இரண்டு வடிவமும் இருக்கும். எச்டி வேண்டுமென்றால் எச்டி பெட்டியும் அந்த சேனல் சேர்ந்த பேக்கும் வேண்டும். டிடிஎச்சில் 4கே செட்டாப் பெட்டி 2015லேயே இந்தியாவுக்கு வந்துவிட்டது, ஆனால் அதில் போட்டுப் பார்க்கத் தமிழில் அன்றாட 4கே சேனல் என்று ஒன்று வரவில்லை.

உண்மையான 4கே இணையம் வழியாகத்தான் வரும்: ஓடிடி செயலிகள், யூடியூப், சில நேரம் கிரிக்கெட் நேரலை. வீட்டில் பார்ப்பது முழுக்க சீரியலும் செய்தியும்தான், இணைய இணைப்பும் கிடையாது என்றால், டிவியை மாற்றும் செலவில் ஒரு பங்கை முதலில் எச்டி பெட்டிக்குப் போடுங்கள். பழைய டிவியிலேயே வித்தியாசம் தெரியும்.

3. “புது டிவியில் கேபிள் படம் பழைய டிவியைவிட மோசமாக இருக்கிறது. டிவியில் கோளாறா?”

என்னிடம் அதிகம் வரும் கேள்வி இது. அநேகமாக டிவியில் கோளாறு இருக்காது. நம் எஸ்டி ஒளிபரப்பின் அளவு 720×576, நாலேகால் லட்சத்துக்கும் குறைவான புள்ளிகள். 4கே திரை அதைப்போல் இருபது மடங்கு. அதாவது திரையில் தெரியும் ஒவ்வொரு இருபது புள்ளியிலும் ஒன்றுதான் சேனலிலிருந்து வந்தது. மீதிப் பத்தொன்பதையும் டிவி தானே ஊகித்து நிரப்புகிறது. ரவிக்கைத் துணியைக் கட்டில் விரிப்பாக இழுத்துப் போட்டால் எப்படி இருக்கும்? பழைய 32 இஞ்சில் இழுவை குறைவு, திரையும் சிறியது, அதனால் குறை கண்ணில் படவில்லை. விலை உயர்ந்த டிவிகளில் இந்த ஊகிக்கும் வேலையைச் செய்யும் சிப் கெட்டிக்காரத்தனமாக இருக்கும்; மலிவு டிவியில் அவ்வளவு எதிர்பார்க்க முடியாது.

இருந்தாலும் பாதிக் குறையை வீட்டிலேயே சரிசெய்யலாம். முதலில் டிவியின் பின்னால் எட்டிப் பாருங்கள். பெட்டியிலிருந்து மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று மூன்று முனை வயர் வருகிறதா? பெட்டி எச்டியாகவே இருந்தாலும், அந்த மஞ்சள் முனை வழியாக எஸ்டிக்கு மேல் ஒரு புள்ளிகூட வராது. அதைப் பிடுங்கிவிட்டு எச்டிஎம்ஐ கேபிள் மாட்டுங்கள். பிறகு பெட்டியின் மெனுவில் வீடியோ அவுட்புட்டை 1080க்கு மாற்றுங்கள். பல பெட்டிகளில் அது 576லேயே கிடக்கும், பெட்டி பொருத்த வந்தவர் தொட்டிருக்க மாட்டார்.

கடைசியாக, டிவியின் பட அமைப்பில் ‘ஷார்ப்னெஸ்’ எவ்வளவு என்று பாருங்கள். கடையில் பளிச்சென்று தெரிவதற்காக அதை ஏற்றியே அனுப்புவார்கள். எஸ்டி படத்தில் அது முகத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு போடும், எழுத்தோரங்களில் புழு நெளிவதுபோல் காட்டும். பாதிக்கும் கீழே இறக்குங்கள். ஓரங்கள் வெட்டுப்பட்டுத் தெரிந்தால் ‘ஸ்க்ரீன் ஃபிட்’ அல்லது ‘ஜஸ்ட் ஸ்கேன்’ என்று ஓர் அமைப்பு இருக்கும், அதைப் போட்டுவிடுங்கள்.

4. “எங்கள் ஹால் பத்துக்குப் பன்னிரண்டு அடி. எத்தனை இஞ்ச் வாங்கலாம், அண்ணா?”

ஹாலின் அளவைவிட, உட்காரும் இடத்துக்கும் திரைக்கும் உள்ள தூரமே முக்கியம். பன்னிரண்டு அடியில் சோபாவின் ஆழத்தையும் டிவி மேசையையும் கழித்தால் எட்டு, எட்டரை அடி மிஞ்சும். அந்தத் தூரத்துக்கு 43 வசதி, 50 தாராளம், 55ஆகவே இருந்தாலும் கண் வலிக்காது. வாங்கும் முன் பழைய செய்தித்தாளை ஒட்டி அந்த அளவுக்கு வெட்டிச் சுவரில் மாட்டிப் பாருங்கள். 43 இஞ்ச் திரையின் அகலம் சுமார் 95 செ.மீ., உயரம் 54. 55 இஞ்சுக்கு 122, 69. கடையின் உயரமான கூரைக்குக் கீழே எல்லா டிவியும் சிறிதாகத்தான் தெரியும், அதை நம்ப வேண்டாம்.

5. “அவ்வளவு தூரத்தில் உட்கார்ந்தால் 4கேக்கும் ஃபுல் எச்டிக்கும் வித்தியாசம் தெரியுமா?”

நல்ல கேள்வி; கடைக்காரருக்குப் பிடிக்காத கேள்வி. குறையற்ற பார்வை உள்ள கண்ணால் பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய கோணம் ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. அதை வைத்துக் கணக்குப் போட்டால், 43 இஞ்ச் ஃபுல் எச்டி திரையின் புள்ளிகள் சுமார் ஐந்தரை அடிக்கு அப்பால் கண்ணுக்குத் தனியாகத் தெரியாது. 55 இஞ்சில் ஏழடிக்கு அப்பால். எட்டடியில் உட்காருகிறவருக்கு 43 இஞ்ச் 4கேயின் கூடுதல் புள்ளிகள் கண்ணில் ஏறுவதில்லை என்பதே உண்மை.

பிறகு ஏன் 4கே? சந்தை நகர்ந்துவிட்டது என்பதுதான் பதில். 43 இஞ்சும் அதற்கு மேலும் நல்ல பேனல், வேகமான சிப், எச்டிஆர் (8இல் விளக்குகிறேன்) எல்லாம் இப்போது 4கே மாடல்களில்தான் போடுகிறார்கள். ஃபுல் எச்டி மாடல்கள் அந்த அளவில் குறைந்துகொண்டே வருகின்றன, விலையிலும் பெரிய இடைவெளி இல்லை. ஆகவே 4கே வாங்குங்கள்; ஆனால் படம் நன்றாக இருந்தால் அதற்குக் காரணம் 83 லட்சம் புள்ளிகள் மட்டுமே என்று எண்ண வேண்டாம். 32 இஞ்ச் போதும் என்கிறவர் 4கேயைத் தேடி அலையவே வேண்டாம், ஃபுல் எச்டி கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

6. “பெட்டியில் 4கே என்று போட்டிருக்கிறது, விலையும் பாதிதான். நம்பலாமா?”

‘4கே சப்போர்ட்’ என்று எழுதியிருந்தால் ஒதுங்கிவிடுங்கள். 4கே வீடியோ கொடுத்தால் வாங்கிக்கொள்வேன், ஆனால் என் திரை அதைவிடச் சிறிய கணக்குத்தான் என்று அதற்குப் பொருள். பெயர் கேள்விப்படாத பிராண்டுகளில் இது சகஜம். விவரத் தாளில் ‘ரெசல்யூஷன்’ என்ற வரியில் 3840×2160 என்று எண்ணிலேயே இருக்க வேண்டும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. ஒவ்வொரு புள்ளிக்குள்ளும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று துணைப்புள்ளிகள் இருப்பதுதான் முறை. சில மலிவு எல்சிடி பேனல்களில் நான்காவதாக வெள்ளையைச் சேர்த்து வண்ணப் புள்ளிகளைக் குறைத்திருப்பார்கள். ‘ஆர்ஜிபிடபிள்யூ’ என்று தேடினால் விவரம் கிடைக்கும். எட்டடித் தூரத்தில் சினிமா பார்க்க அது பெரிதாகத் தெரியாது. டிவியைக் கணினித் திரையாகவும் வைத்துக்கொள்ளப் போகிறவர் மட்டும் தவிர்க்க வேண்டும், எழுத்து மங்கலாகும்.

7. “எல்இடி, க்யூஎல்இடி, ஓஎல்இடி... எது உசத்தி?”

முதல் இரண்டும் ஒரே குடும்பம்: எல்சிடி திரை, பின்னால் எல்இடி விளக்கு. க்யூஎல்இடியில் நடுவே குவாண்டம் டாட் படலம் ஒன்று கூடுதல். வண்ணம் செழிப்பாகும், கறுப்பு ஆழமாகாது. ஓஎல்இடி வேறு சாதி, ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும், அணையும்; நம் பட்ஜெட்டில் அது இல்லை, விட்டுவிடுவோம்.

இந்த மூன்றெழுத்துச் சண்டையைவிட, பேனல் ‘ஐபிஎஸ்’ஆ ‘விஏ’யா என்று கேட்பது பயன் தரும். ஐபிஎஸ்ஸில் பக்கவாட்டில் உட்கார்ந்தாலும் வண்ணம் வெளுக்காது. ஆனால் கறுப்பு சாம்பலாகத் தெரியும்; வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள விகிதமான கான்ட்ராஸ்ட் சுமார் 1000க்கு 1. விஏ பேனலில் அது 3000க்கு மேல்; இருட்டுக் காட்சி அழகாக இருக்கும், பக்கவாட்டில் வெளுக்கும். ஹாலில் பாட்டி நாற்காலியிலும் பிள்ளைகள் தரையிலும் அம்மா சமையலறை வாசலிலுமாகப் பார்க்கிற வீட்டுக்கு ஐபிஎஸ். இரவில் விளக்கணைத்து நேர் எதிரே உட்கார்ந்து படம் பார்ப்பவருக்கு விஏ. விற்பனையாளருக்குத் தெரியவில்லை என்றால், டிவியின் பக்கவாட்டில் போய் நின்று முகங்களின் நிறத்தைப் பாருங்கள், அதுவே சொல்லிவிடும்.

8. “எச்டிஆர், டால்பி விஷன் என்று ஒட்டியிருக்கிறதே, அதற்காகக் கூடுதல் பணம் தரலாமா?”

அந்த ஸ்டிக்கருக்காக மட்டும் தர வேண்டாம். எச்டிஆர் என்பது வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வீச்சைப் பெரிதாக்குவது. அந்தப் படங்களைத் தயாரிக்கும்போது பெரும்பாலும் 1000 நிட்ஸ் வெளிச்சத்தை மனதில் வைக்கிறார்கள். நம் விலைக்குக் கிடைக்கும் டிவிகள் 250, 300 நிட்ஸ் அளவிலேயே நின்றுவிடும். சூரியனைக் காட்டும் சங்கதி திரைக்கு வந்துசேரும், காட்டும் திராணி திரைக்கு இருக்காது. டால்பி விஷன் இருந்தால் காட்சிக்குக் காட்சி டிவிக்கு வழிகாட்டுதல் கிடைக்கும், கொஞ்சம் உதவும். அவ்வளவே.

9. “சில படங்களைப் போட்டதும் திரை இருட்டாகிவிடுகிறது. முகமே தெரியவில்லை. ஏன்?”

மேலே 8இல் சொன்னதன் விளைவு இது. எச்டிஆர் படம் தொடங்கியதும் டிவி தானாக வேறொரு பட அமைப்புக்குத் தாவும். மூலையில் ஒரு நொடி ‘எச்டிஆர்’ என்று வந்து மறைவதைப் பார்த்திருப்பீர்கள். நீங்கள் ஏற்கெனவே சரிசெய்து வைத்த அமைப்புகள் அங்கே செல்லாது. படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே மெனுவைத் திறந்து, ‘பேக்லைட்’டை முழுதும் ஏற்றுங்கள், மின்சாரச் சிக்கன அமைப்பும், அறை வெளிச்சத்தைப் பார்த்துத் தானே மங்கும் அமைப்பும் இருந்தால் அணையுங்கள். பகலில் ஜன்னல் திரையை இழுத்துவிட்டாலே பாதி சரியாகும்.

10. “4கே பார்க்க எவ்வளவு நெட் வேண்டும்? ஃபோன் ஹாட்ஸ்பாட்டில் ஓடுமா?”

நெட்ஃபிளிக்ஸ் 4கேக்குக் கேட்கும் வேகம் 15 எம்பிபிஎஸ். வேகம் பிரச்சினை இல்லை, அளவுதான் பிரச்சினை. ஒரு மணி நேர 4கே படம் 7 ஜிபி வரை விழுங்கும். நாளுக்கு 2 ஜிபி தரும் ஃபோன் திட்டத்தை வைத்துப் பார்த்தால், பதினேழு நிமிடத்தில் கதாநாயகன் அறிமுகப் பாட்டோடு அன்றைய டேட்டா முடிந்துவிடும். ஃபைபர் இணைப்பு இருந்தால் கவலையே இல்லை.

ரூட்டர் ஹாலில் இல்லாமல் உள்ளறையில் இருந்தால் லேன் வயர் ஒன்றை இழுத்துவிடுங்கள். மலிவு டிவிகளின் லேன் துளை 100 எம்பிபிஎஸ்ஸோடு நின்றுவிடும் என்று குறை சொல்வார்கள், ஓடிடிக்கு அதுவே தேவைக்கு ஆறு மடங்கு.

11. “சந்தா இருக்கிறது, டிவியும் 4கே. படம் அப்படி ஒன்றும் தெளிவாக இல்லையே?”

மூன்று இடத்தில் பாருங்கள். முதலாவது சந்தா. நெட்ஃபிளிக்ஸில் பிரீமியம் திட்டத்தில் மட்டும்தான் 4கே. அதற்குக் கீழே எதிலும் வராது. அமேசான் பிரைமில் முழுச் சந்தாவுக்கு வரும், லைட் சந்தாவுக்கு வராது. இரண்டாவது படம். எல்லாப் படமும் 4கேயில் ஏற்றப்படுவதில்லை. படத்தின் பெயருக்குக் கீழே ‘அல்ட்ரா எச்டி’ அல்லது ‘யுஎச்டி’ என்று இருக்க வேண்டும்.

மூன்றாவது இடம் பலருக்குத் தெரியாதது. திருட்டுப் பிரதியைத் தடுக்க ‘வைட்வைன்’ என்றொரு பூட்டு முறை இருக்கிறது. அதில் ‘எல்1’ சான்று பெற்ற டிவிக்குத்தான் ஓடிடிகள் உயர்ந்த தரத்தை அனுப்பும். ‘எல்3’ என்றால் திரை எவ்வளவு பெரிதானாலும் எஸ்டி தரம்தான். முறையான கூகுள் டிவி, வெப்ஓஎஸ், டைசன் ஆகிய இயங்குதளங்களில் வரும் பெயர் பெற்ற பிராண்டுகளில் இந்தத் தொல்லை இல்லை. ஃபோனுக்கான ஆண்ட்ராய்டை அப்படியே ஏற்றி ‘ஸ்மார்ட்’ என்று விற்கும் டிவிகளில் உண்டு. முகப்பில் ஃபோனில் இருப்பது போன்ற பிளே ஸ்டோரோ, பெயர் தெரியாத வேறு ஸ்டோரோ இருந்தால் சந்தேகப்படுங்கள்.

என்ன வருகிறது என்று கண்ணால் பார்க்கவும் வழி இருக்கிறது. யூடியூப்பில் வீடியோ ஓடும்போது அமைப்புகளில் ‘ஸ்டேட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்’ என்பதைத் திறந்தால் 3840×2160 ஓடுகிறதா, 1920×1080 ஓடுகிறதா என்று எழுத்தில் வரும். நெட்ஃபிளிக்ஸில் ‘டெஸ்ட் பேட்டர்ன்ஸ்’ என்று தேடிப் போட்டால் அதுவும் காட்டும். கடையிலேயே வைஃபை கேட்டு யூடியூப் சோதனையைச் செய்து பார்க்கலாம். நானே செய்திருக்கிறேன், யாரும் முகம் சுளிக்கவில்லை.

12. “புது எச்டிஎம்ஐ கேபிள் வாங்க வேண்டுமா? கடையில் ₹1,500க்கு தங்க முலாம் கேபிள் காட்டுகிறார்கள்.”

செட்டாப் பெட்டிக்கு, அதோடு வந்த கேபிளே போதும்; எச்டி சேனலுக்கு அதற்கு மேல் தேவையே இல்லை. 4கே ஸ்டிக்கோ (எச்டிஎம்ஐ துளையில் செருகி ஓடிடி பார்க்கும் சிறு கருவி) கேம் கன்சோலோ மாட்டினால் 18 ஜிபிபிஎஸ் தாங்கும் ‘பிரீமியம் ஹை ஸ்பீட்’ கேபிள் வாங்குங்கள், இரண்டு மீட்டருக்குள் அது சில நூறு ரூபாய்தான். படம் வந்தால் முழுதாக வரும், இல்லையென்றால் புள்ளி தெறிக்கும், அறுந்து அறுந்து வரும். தங்க முலாம் பூசினால் வண்ணம் கூடும் என்பது கதை.

ஒரு குறிப்பு: டிவியில் எச்டிஎம்ஐ துளைக்கு ‘ஸ்டாண்டர்டு’, ‘என்ஹான்ஸ்டு’ என்று அமைப்பு இருந்தால் கன்சோல் மாட்டிய துளைக்கு இரண்டாவதைப் போடுங்கள். போடாவிட்டால் 4கே முழு வேகத்தில் வராது. எத்தனை துளை இருக்கிறது என்றும் எண்ணிக்கொள்ளுங்கள். குறைந்தது மூன்று இருந்தால் நல்லது.

13. “ஸ்டெபிலைசர் வேண்டுமா, தம்பி? எங்கள் ஊரில் வோல்டேஜ் ஏறி இறங்கும்.”

டிவியின் பின்புற ஒட்டுத்தாளில் ‘100-240வி’ என்று அச்சாகியிருக்கிறதா பாருங்கள். இருந்தால் மின்னழுத்தம் 150க்கு இறங்கினாலும் அது தாக்குப்பிடிக்கும். ஏறுவதுதான் ஆபத்து. மின்னழுத்தம் அடிக்கடி 250ஐத் தாண்டும் ஊர், ட்ரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கத்து வீடு என்றால், அதிகமானால் தானே துண்டித்துக்கொள்ளும் ஸ்டெபிலைசர் போடுங்கள்.

மின்னலுக்கு ஸ்டெபிலைசர் பதில் அல்ல. ஐப்பசி மழையில் இடி இறங்கும்போது எல்லோரும் டிவி பிளக்கைப் பிடுங்குவார்கள், மொட்டை மாடி டிஷ்ஷிலிருந்து வரும் வயரைப் பெட்டியிலேயே விட்டுவிடுவார்கள். மின்னல் அந்த வயர் வழியே பெட்டிக்கு வந்து, எச்டிஎம்ஐ கேபிள் ஏறி, டிவியின் எச்டிஎம்ஐ துளையைத் தின்றுவிடும். மழைக்காலம் முடிந்து சர்வீஸ் கடைக்குப் போய்ப் பாருங்கள், எச்டிஎம்ஐ செத்த டிவிகள் வரிசையாக இருக்கும். பிளக்கோடு சேர்த்து டிஷ் வயரையும் திருகிக் கழற்றுங்கள், லேன் வயர் இருந்தால் அதையும். மறுபடி மாட்டும்போது பெட்டி, டிவி இரண்டின் மின்சாரத்தையும் நிறுத்திவிட்டு மாட்டுங்கள்.

14. “கரண்ட் பில் எகிறுமா?”

எகிறாது. 43 இஞ்ச் 4கே டிவி 100 வாட் எடுக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். நாளைக்கு ஐந்து மணி நேரம் ஓடினால் அரை யூனிட். இரண்டு மாத பில்லுக்கு 30 யூனிட். வீட்டுக்குக் கிடைக்கும் இலவச யூனிட்டில் ஒரு பங்கு. பேக்லைட்டைக் குறைத்தால் இன்னும் இறங்கும். பழைய குண்டு டிவியும் கிட்டத்தட்ட இதே அளவுதான் எடுத்துக்கொண்டிருந்தது.

15. “ஷோகேஸில் டிவிக்கென்று இடம் விட்டுக் கட்டியிருக்கிறோம். அதில் வைக்கலாமா?”

குண்டு டிவிக் காலத்தில் கட்டிய மாடம் என்றால் 43 இஞ்ச் நுழையாது. நுழைந்தாலும் இருபுறமும் பின்னாலும் நாலு விரல் காற்றோட்டம் வேண்டும். இன்னொன்று, இப்போதைய டிவிகளில் பலவற்றுக்கு நடுவில் ஒற்றைக் கால் இல்லை. இரண்டு ஓரங்களிலும் இரண்டு கால்கள். உங்கள் பழைய மேசை அந்த இடைவெளியைவிடக் குறுகியதாக இருந்தால் டிவி நிற்காது. காலுக்குக் கால் தூரம் விவரத் தாளில் இருக்கும்.

சுவரில் மாட்டினால் தயவுசெய்து பரண் உயரத்தில் மாட்டாதீர்கள். பிள்ளைகள் கை எட்டாமல் இருக்கட்டும் என்பார்கள், கழுத்து வலி யாருக்கு என்று யோசிப்பதில்லை. சோபாவில் உட்கார்ந்தால் கண் மட்டத்துக்குத் திரையின் நடுப்பகுதி வர வேண்டும், தரையிலிருந்து சுமார் மூன்றரை, நாலடி. விஏ பேனலைக் கீழிருந்து அண்ணாந்து பார்த்தால் 7இல் சொன்ன வெளுப்பும் சேர்ந்துகொள்ளும்.

16. “சத்தம் சுமாராக இருக்கிறது. பழைய ஹோம் தியேட்டரை மாட்ட முடியுமா?”

மெல்லிய டிவிக்குள் பெரிய ஸ்பீக்கருக்கு இடமில்லை. அதுவும் கீழ்நோக்கி இருக்கும், வசனம் சுவரில் முட்டித்தான் உங்களிடம் வரும். பழைய ஹோம் தியேட்டரில் சிவப்பு, வெள்ளைத் துளை மட்டும் இருந்து, டிவியில் ஹெட்ஃபோன் துளையும் இருந்தால் ஒரு சாதாரண ஆடியோ வயரே போதும். ஹெட்ஃபோன் துளை இல்லாமல் ஆப்டிகல் துளை (ஒளி வழியே ஒலியை அனுப்புவது) மட்டும் இருந்தால், ஆப்டிகலை அனலாக் ஆக்கும் சிறு பெட்டி ஒன்று மலிவாகக் கிடைக்கும். டிவியின் ஒலி அமைப்பில் ‘பிசிஎம்’ போட மறக்காதீர்கள், மறந்தால் அந்தப் பெட்டி ஊமையாக இருக்கும். புது சவுண்ட்பார் வாங்கினால் ‘ஏஆர்சி’ என்று எழுதிய எச்டிஎம்ஐ துளையில் மாட்டுங்கள், ஒரே ரிமோட்டில் சத்தம் கூடும், குறையும்.

17. “சினிமா பார்த்தால் சீரியல் பார்ப்பது போல இருக்கிறது. இது 4கேயின் குணமா?”

இல்லை. சினிமா நொடிக்கு 24 சட்டங்கள், அதாவது ஃபிரேம்கள். இடையில் தானே சட்டங்களை உருவாக்கிச் செருகி, அசைவை வழவழவென்று ஆக்கும் அமைப்பு டிவியில் இருக்கிறது. ஒரு நிறுவனம் அதை ‘ட்ரூமோஷன்’ என்னும், இன்னொன்று ‘மோஷன்ஃப்ளோ’ என்னும். கிரிக்கெட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள், சினிமாவுக்கு அணையுங்கள். ‘ஃபிலிம்மேக்கர் மோட்’ என்ற அமைப்பைப் போட்டால் இது தானாகவே அணைந்துவிடும். முதல் நாள் மஞ்சளடித்தாற்போல் இருக்கும், ஒரு வாரம் பொறுங்கள். பிறகு ‘விவிட்’டுக்குப் போனால் எல்லோர் முகத்திலும் பெயின்ட் அடித்ததுபோல் தெரியும்.

18. “பழைய படங்கள் 4கேயில் நன்றாக இருக்க வாய்ப்பே இல்லைதானே?”

பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள், நேர் எதிர் உண்மை. 35 எம்எம் பிலிம் நெகடிவ்வில் ஃபுல் எச்டிக்கு மேலான நுட்பம் அடங்கியிருக்கிறது. நெகடிவ் பிழைத்திருந்து, புதிதாக 4கேயில் ஸ்கேன் செய்தால் ஐம்பது ஆண்டுக்கு முந்தைய படத்திலும் பட்டுச் சேலையின் நெசவு தெரியும். நாம் டிவியில் பார்க்கும் பிரதி அநேகமாக வீடியோ டேப்பிலிருந்து வந்தது, அதனால்தான் கலங்கலாக இருக்கிறது. தொடக்கக் கால டிஜிட்டல் கேமராவில் எடுத்த படங்களுக்கு இந்த வாய்ப்புக்கூட இல்லை. அன்று பதிவான புள்ளிகள் அவ்வளவுதான். யூடியூப்பில் பழைய பாட்டுக்கு ‘4கே’ என்று போட்டிருந்தால், முக்கால்வாசி டேப்பை இழுத்துப் பெரிதாக்கியதுதான்.

19. “எப்போது வாங்கினால் மலிவு? கடையிலா, ஆன்லைனிலா?”

2025 செப்டம்பர் 22 முதல் 32 இஞ்சுக்கு மேற்பட்ட டிவிகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது. அதற்கு முந்தைய விலையைக் காட்டி ‘இவ்வளவு தள்ளுபடி’ என்றால் வரி குறைந்ததையும் சேர்த்துச் சொல்கிறார்கள் என்று பொருள். ஆடியிலும் தீபாவளிக்கு முன்னும் விலை இறங்கும், பழைய மாடல்களைத் தள்ளிவிடுவார்கள். முந்தைய ஆண்டு மாடலில் தவறில்லை.

விலையைவிட, உங்கள் ஊரில் அந்த பிராண்டுக்கு சர்வீஸ் மையம் இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். பேனல் போனால் மாற்றும் செலவு பெரும்பாலும் புது டிவி விலையை நெருங்கும். அதனால் கூடுதல் வாரன்டிக்குக் கொடுக்கும் ஓரிரண்டாயிரம் வீண் அல்ல. ஆனால் பையன் எறிந்த பந்துக்கு எந்த வாரன்டியும் பதில் சொல்லாது.

ஆன்லைனில் வாங்கினால், கொண்டுவந்தவர் போகும் முன்பே பெட்டியைப் பிரித்து, மின்சாரம் கொடுத்துத் திரையை எரியவிட்டுப் பாருங்கள். உள்ளே விரிசல் விழுந்த பேனல், அணைந்திருக்கும்போது கண்ணாடிபோல் முழுதாகத் தெரியும். எரிந்தால்தான் கோடு தெரியும். பிரிப்பதை வீடியோ எடுங்கள். திருப்பி அனுப்பும் கெடு முடியும் வரை அட்டைப்பெட்டியும் தெர்மாகோலும் வீட்டிலேயே கிடக்கட்டும்.

20. “திரையை எதைக் கொண்டு துடைப்பது?”

உலர்ந்த மைக்ரோஃபைபர் துணி. கண்ணாடி துடைக்கும் நீலத் திரவம் வேண்டாம், மேற்பூச்சு உரியும். ஆயுத பூஜையன்று சந்தனம், குங்குமத்தைத் திரையின் நெற்றியில் வைக்க வேண்டாம். ஓரச் சட்டத்திலோ காலிலோ வையுங்கள், சரஸ்வதி கோபித்துக்கொள்ள மாட்டாள்.

21. “8கே வந்துவிடும் என்கிறார்களே, காத்திருக்கலாமா?”

5ஆம் கேள்வியின் பதிலை மறுபடி படித்துப் பாருங்கள். வேண்டாம்.

22. “பழைய டிவியை என்ன செய்வது? எக்ஸ்சேஞ்சில் ஐந்நூறுகூடத் தரமாட்டேன் என்கிறார்கள்.”

ஓடுகிற 32 இஞ்ச் என்றால் எக்ஸ்சேஞ்சுக்குப் போடாதீர்கள். படுக்கையறைக்கோ, ஊரில் இருக்கும் பெற்றோருக்கோ கொடுத்து ஒரு எச்டி ஸ்டிக் மாட்டினால் இன்னும் பல ஆண்டு ஓடும். புதிதாக வாங்கிய 4கே டிவியும் மூன்று நான்கு ஆண்டில் மெதுவாகிவிட்டால் இதே வைத்தியம்தான்: திரையை மாற்ற வேண்டாம், ஒரு 4கே ஸ்டிக்கை மாட்டுங்கள்.

குண்டு டிவி வேறு விஷயம். 2006 தேர்தலுக்குப் பின் அரசு இலவசமாகக் கொடுத்த 14 இஞ்ச் வண்ணத் தொலைக்காட்சி இன்னும் பல வீட்டுப் பரணில் இருக்கிறது. அதன் படக்குழாய்க் கண்ணாடியில் ஈயம் கலந்திருக்கிறது, அணைத்து வைத்தாலும் உள்ளே உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கலாம். செம்புக் கம்பிக்காக உடைக்கும் காயலான் கடைக்காரரிடம் போடாமல், மின்கழிவு எடுத்துக்கொள்ளும் அங்கீகாரம் பெற்றவரிடம் கொடுங்கள். புது டிவி வாங்கும் நிறுவனத்தின் வாடிக்கையாளர் எண்ணில் கேட்டால் எங்கே ஒப்படைப்பது என்று சொல்லுவார்கள். மின்கழிவு முறையாக மறுசுழற்சி ஆவதற்குச் சட்டப்படி உற்பத்தியாளருக்கும் பொறுப்பு உண்டு.